கடல் கடந்து சென்ற கணிதத் தவசி

ஆடி, ஆவணி மாதங்களில் பெங்களூரு அல்சூரில் ஒரு காட்சியை ஆண்டுதோறும் காணலாம். சோமேசுவரர் கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு, கையில் பிரசாதத்துடன் பெற்றோரும் பிள்ளையுமாகச் சிலர் ஆசிரமத்திற்கு வருவார்கள். பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கும். பிள்ளையின் கண்களில் ஆர்வம் தெரியும். தாயின் கண்களில் கலக்கம் தெரியும். பழக்கமில்லாத ஊரில் என்ன சாப்பிடுவான், குளிரை எப்படித் தாங்குவான், மனம் சோர்ந்தால் யாரிடம் சொல்வான் என்பவைதான் அந்தத் தாயின் கேள்விகள்.

நூறாண்டுகளுக்கு முன்னர் கும்பகோணத்தில் ஒரு தாய்க்கும் இதே கலக்கம் இருந்தது. அவர் கோமளத்தம்மாள், கணிதமேதை ஸ்ரீனிவாச ராமானுஜனின் அன்னை. ராமானுஜனின் கணிதச் சாதனைகளை நாம் அறிவோம். அவர் அயல்நாட்டில் கழித்த முதல் வாரங்களோ அதிகம் பேசப்படுவதில்லை. வெளிநாடு செல்லும் ஒவ்வொரு மாணவனும் அறிய வேண்டிய பாடம் அந்த வாரங்களில் இருக்கிறது.

அன்னையின் ஆணை

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கல்லூரித் தேர்வுகளில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தோல்வியுற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார்.

ஆனால் ராமானுஜன் உடனே இணங்கவில்லை. கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஒவ்வாதது என்று கருதிய வைணவக் குடும்பம் அவருடையது. அவர்களின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். ஐரோப்பியர் சூழ்ந்த ஓர் அவையில் தம் மகன் அமர்ந்திருப்பதைக் கோமளத்தம்மாள் கனவில் கண்டார் என்றும், மகனின் பிறவிப் பயனுக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் எனத் தாயாரே அக்கனவில் ஆணையிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அதன்பின் தாய் விடை கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அதில் ஒரு பகுதி மாதந்தோறும் குடும்பத்துக்குச் சேருமாறு ராமானுஜன் ஏற்பாடு செய்தார்.

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் அவரது குடுமி நீக்கப்பட்டது. அன்று அவர் கண்ணீர் விட்டு அழுதார். மேனாட்டு உடையில் தம்மைக் கண்டு தாயும் மனைவி ஜானகியும் மனம் வருந்தக் கூடாதென்று, அவர்களை முன்னதாகவே கும்பகோணத்திற்கு அனுப்பிவைத்தார். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘நெவாசா’ என்ற கப்பலில் அவர் ஏறியபோது அவருக்கு வயது 26.

நெவிலின் இல்லத்தில்

முதல் சில நாட்கள் கடல்நோய் அவரை வாட்டியது. பின்னர் உடல் தேறியது. ஏப்ரல் 14-ஆம் நாள் கப்பல் லண்டனை அடைந்தது. அவரை வரவேற்க நெவில் என்ற இளம் கணிதப் பேராசிரியர் காத்திருந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்திருந்தபோது ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைக் கண்டு வியந்தவர் அவர். இந்திய மாணவர்கள் வந்து தங்கும் லண்டன் விடுதி ஒன்றில் சில நாட்கள் இருந்த பின், ஏப்ரல் 18 அன்று ராமானுஜன் கேம்பிரிட்ஜில் நெவிலின் இல்லத்திற்கே சென்று தங்கினார்.

அங்கே சிறு சிறு துன்பங்கள் அவருக்குக் காத்திருந்தன. வெறுங்காலுடனும் செருப்புடனும் நடந்து பழகிய பாதங்களைக் காலணிகள் இறுக்கின. கழுத்துப்பட்டை உறுத்தியது. புலால் உண்பதில்லை என்ற விரதத்தில் அவர் அணுவளவும் தளரவில்லை. அங்குள்ள காய்கறிச் சமையலோ உப்பும் உறைப்பும் இன்றி இருந்தது. நல்ல பாலும் பழங்களும் கிடைத்ததால்தான் சமாளிக்க முடிந்தது என்று ஜூன் மாதம் ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஹார்டியும் நெவிலும் எளிமையும் அன்பும் உடையவர்கள் என்றும் அதில் மனநிறைவோடு எழுதினார். தாமே சமைத்துக்கொள்ள முடிவு செய்து, வேண்டிய பொருட்களை ஊரிலிருந்து வரவழைத்தார். பின்னாளில் அவர் விரும்பிக் கேட்டவற்றில் புளியும் தேங்காய் எண்ணெயும் அடங்கும்.

இத்தனை இடர்களுக்கும் நடுவே அவரது கணிதம் தடையின்றி ஓடியது. ஒருநாள் வகுப்பில் ஆர்தர் பெரி என்ற ஆசிரியர் கரும்பலகையில் சில சூத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தார். ராமானுஜனின் முகம் மலர்ந்திருப்பதைக் கண்டு, ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா என்று வினவினார். ராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிவுகளையும் பலகையில் எழுதிக் காட்டினார். உடையும் உணவும் மொழியும் அந்நியமாக இருந்த ஊரில், எண்களின் உலகம் மட்டும் அவருக்குச் சொந்த வீடாகவே இருந்தது.

கம்பளியின் கதை

ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர் நெவிலின் இல்லத்தை விட்டு ட்ரினிட்டி கல்லூரி விடுதிக்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியைச் சந்திப்பதற்கும் வகுப்புகளுக்குச் செல்வதற்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் கவனிப்பு அன்றோடு நின்றது. கல்லூரி உணவுக்கூடத்தில் மற்றவர்கள் கூடி உண்டு உரையாடினார்கள். ராமானுஜன் தம் அறையில் தனியே சமைத்தார். வேலை மும்முரத்தில் உணவும் உறக்கமும் நேரம் தவறின. ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. காய்கறிகளும் கிடைப்பது அரிதாயிற்று.

குளிர் தொடங்கிய பின் நிகழ்ந்தது ஒரு சம்பவம். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி.சி. மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். ராமானுஜனின் அறைக்கு வந்த அவர், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று விசாரித்தார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டே உறங்குவதாகவும், அப்படியும் குளிர்வதாகவும் ராமானுஜன் கூறினார். போதிய கம்பளிகள் இல்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் இரவுதோறும் அவற்றின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்! மகலனோபிஸ் கம்பளிகளைப் பிரித்துக் காட்டினார்; குளிர் தீர்ந்தது.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது நமக்குப் புன்னகை வரும். சற்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். உலகின் தலைசிறந்த கணித அறிஞர்கள் வியந்த ஒருவர், படுக்கையைப் பற்றி யாரையும் கேட்கக் கூசியிருக்கிறார். கேட்டிருந்தால் விடுதிப் பணியாளரே சொல்லியிருப்பார்.

நிலத்தடியில் பொற்புதையல் இருப்பதை அறியாமல் நாள்தோறும் அதன் மீதே நடந்து செல்பவர்களைச் சாந்தோக்கிய உபநிஷதம் உவமையாகக் காட்டுகிறது. ஆன்ம ஞானத்துக்குச் சொன்ன அந்த உவமை அன்றாட வாழ்வுக்கும் பொருந்துகிறது. செல்வம் அருகிலேயே இருக்கிறது. மூடியிருக்கும் விரிப்பை விலக்கிக் காட்ட ஒருவர் தேவைப்படுகிறார். அவரை நாடிச் சென்று கேட்கும் பணிவு நமக்குத் தேவைப்படுகிறது.

கேட்பது இழிவல்ல

1892-இல் பரிவிராஜகராகப் பெங்களூருக்கு வந்து தங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்றார். குளிருக்கேற்ற உடை அவரிடம் இல்லை. பணமும் விரைவில் கரைந்தது. சர்வசமயப் பேரவைக்கு முன்னர் சிகாகோ ரயில் நிலையத்தில் ஒரு காலிப் பெட்டியில் இரவைக் கழித்தார். மறுநாள் வீடு வீடாகச் சென்று உதவி கேட்டார். பல கதவுகள் மூடப்பட்டன. இறுதியில் அவர் சோர்ந்து அமர்ந்தபோது எதிர்வீட்டிலிருந்து திருமதி ஹேல் இறங்கி வந்து அவரை உள்ளே அழைத்துச் சென்றார். பிட்சை ஏற்பது துறவியின் தர்மம். கேட்பதில் சிறுமை இல்லை என்பதைப் பாரதத்தின் சாலைகள் அவருக்குக் கற்பித்திருந்தன. கூச்ச சுபாவமுள்ள ராமானுஜனுக்கு அந்தப் பயிற்சி வாய்க்கவில்லை.

1917-இல் ராமானுஜன் கடுமையாக நோயுற்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெருமையும் ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெலோ என்ற சிறப்பும் அவரை வந்தடைந்தபோது, அவர் நோயாளியாக இருந்தார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் சென்னையில் உடலை நீத்தார். அந்நோய்க்கு மருத்துவக் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஆயினும் தனிமையும் நேரம் தவறிய உணவும் அந்த உடலுக்கு வலுவூட்டவில்லை என்பது உறுதி.

வெளிநாடு செல்லும் இளைஞர்களே! ராமானுஜனின் தெய்வ நம்பிக்கையையும், விரதத்தில் தளராத உறுதியையும், குடும்பத்தின் மீதுள்ள பாசத்தையும் உங்களுடன் எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: தெரியாததைக் கேளுங்கள், துன்பத்தை மறைக்காதீர்கள், இயன்றவரை பிறரோடு சேர்ந்து உண்ணுங்கள். இறைவன் உருவாக்கிய கருவி இந்த உடல்; அதைப் பேணுவதும் வழிபாடே.

இங்கேயே இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. தொலைதூர மாநிலங்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் வாடகை அறைகளில் தனியே வாழ்கிறார்கள். இந்த ஊரின் மொழியும் உணவும் அவர்களுக்குப் புதியவை. அவர்களில் ஒருவரையேனும் இந்த வாரம் வீட்டிற்கு அழைத்து உணவிடுவோம். இரவில் குளிர்கிறதா என்று கேட்போம். மகலனோபிஸ் அன்று செய்தது அவ்வளவே. நர சேவையே நாராயண சேவை என்று போற்றும் நமக்கு அது எளிய தொடக்கமாக அமையட்டும்.