குரோமோசோம்களை எண்ணிய அம்மையார்

வெங்காய வேர்நுனிக்குச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் 16 குரோமோசோம்களை எண்ண எனக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. இராயபுரத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் என் தந்தை, இந்த இழைகளை எண்ணுவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாளின் வாழ்க்கையைப் படித்த பின்பே தெரிந்தது.

1897-இல் தலச்சேரியில் பிறந்த அம்மையார், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். திருமணத்தை விடுத்துக் கல்வியையே நாடினார். கடல் கடந்து சென்று, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி. சாறு மிகுந்த கரும்பினத்தில் 80 குரோமோசோம்கள். காட்டினத்திலோ செடிக்குச் செடி எண்ணிக்கை மாறும். இனிமையையும் வலிமையையும் ஒரே பயிரில் சேர்க்க முயல்வோர்க்கு அந்த எண்ணிக்கையே வழிகாட்டி.

போர்க்கால இங்கிலாந்திலும் அவர் ஆய்வு நிற்கவில்லை. 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக்கினார். நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். இறுதி நாள்வரை, நமக்கு அருகிலுள்ள மதுரவாயலில் ஆராய்ந்துகொண்டிருந்து, 1984-இல் 86-ஆம் வயதில் மறைந்தார்.

தந்தை குடிக்கும் தேநீரின் சர்க்கரையிலும் அத்தகைய உழைப்பு கரைந்திருக்கிறது என்று சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்த அவர், நான் எண்ணியது எத்தனை என்று மீண்டும் கேட்டார்.