பிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்க நாட்டில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் இடையே உறவு வளர்கின்றதா, தேய்கின்றதா என ஐயுறுவார், இரண்டையும் தம் ஒரு வாழ்விற் கண்ட இப்பெரியாரின் வரலாற்றை அறிதல் நன்று.

இவர் மேரிலாந்தில் 1818-ஆம் ஆண்டளவில் அடிமைத்தாய் வயிற்றிற் பிறந்தார். பால்டிமோர் நகரில் இவர் ஏவல் செய்த வீட்டுத் தலைவி எழுத்தறிவிக்கத் தொடங்கினாள், கணவன் தடுத்தான். சிறுவரோ தெருவிலுள்ள ஏழை வெள்ளைப் பிள்ளைகட்கு ரொட்டி ஈந்து எஞ்சிய பாடத்தைக் கற்றார். கல்லூரியில் இருந்தும் சோம்பும் நமக்கு இது நாணந் தருவதே.

1838-இல் மாலுமி உடை பூண்டு வட மாநிலங்கட்குத் தப்பினார். நாவாலும் பத்திரிகையாலும் அடிமை முறையை எதிர்த்தார். உள்நாட்டுப் போரில் தம் புதல்வர் இருவரைப் படைக்கு அனுப்பினார். 1865-இல் அத்தளை அறுந்தது. 1870-இல் கறுப்பின ஆடவர் வாக்குரிமை எய்தினர்.

ஆயின் மலர்ந்தது கூம்பிற்று. பொதுவிடங்களிற் சமவுரிமை அளித்த 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1883-இல் தலைமை நீதிமன்றம் செல்லாததாக்கியது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தாரைக் கும்பலாய்க் கூடிக் கொல்லும் கொடுமை பெருகிற்று. முதியவர் அதனையும் எதிர்த்து முழங்கினார். 1895 பிப்ரவரி 20-இல், பெண்டிர் உரிமைக் கூட்டமொன்றிற்குச் சென்று மீண்ட மாலையே உயிர் நீத்தார்.

மறு ஆண்டில், புகைவண்டியில் இனவாரியாகப் பிரித்திருத்துதல் முறையே என அந்நீதிமன்றம் தீர்த்தது. வாக்குரிமைக்கு உறுதியான சட்டக்காப்பு வாய்த்தது 1965-இல். அவர் மறைந்து எழுபதாண்டு கழிந்த பின்னரே.