இஞ்ஞாசியாரின் இன்னொரு காயம்

புனித லொயோலா இஞ்ஞாசியாரை யேசு சபையின் தாபகராக நாம் எல்லோரும் அறிவோம். அவர் சாகும்வரை நொண்டி நடந்தவர் என்பதும், ஒரு காலத்தில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடியவர் என்பதும் பீடத்திலுள்ள சுரூபத்தைப் பார்த்து அறியக்கூடியவையல்ல.

1491ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்துப் பாஸ்க் நாட்டிலே பிரபு குடும்பமொன்றிற் பிறந்தார். 1521 மே 20ஆம் நாள் பிரெஞ்சுப் படை பம்பலோனாக் கோட்டையைத் தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று அவரது ஒரு காலை முறித்து மற்றதையும் புண்படுத்தியது. வீட்டுக்குத் தூக்கிவரப்பட்டவரின் எலும்பு சரியாகப் பொருந்தவில்லையென வைத்தியர்கள் அதை மறுபடியும் முறித்து வைத்தனர். அப்போதும் முழங்காலின் கீழே ஓர் எலும்பு துருத்தி நின்றது. நாகரிகமான சப்பாத்து அணிய முடியாதே என்ற கவலையில், மயக்க மருந்தில்லாத அக்காலத்தில், அதையும் அறுக்கச் செய்தார். பல நாட்கள் கருவி பூட்டிக் காலை இழுத்தும் பார்த்தார்கள். கால் குட்டையாகவே நின்றுவிட்டது.

அண்ணியார் மதலேனாவின் பராமரிப்பில் படுத்திருந்தபோது வீர கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் வரலாறுமே. அவற்றை வாசித்து மனந்திரும்பினார். பெரும்பாலான சரித்திரங்கள் இந்த இடத்திலேயே மகிழ்ந்து நின்றுவிடுகின்றன. ஆனால் கடினமான பகுதி இதன் பின்னரே வந்தது.

1522இல் மன்றேசா என்ற ஊரில் தங்கியபோது, சொல்லிவிட்ட பாவங்களை இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்ற ஐயம் அவரைப் பிடித்தாட்டியது. மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். செபம் குறைவாயிருந்ததால் வந்த வேதனையல்ல அது. அறையிலிருந்த ஒரு பெரும் துவாரத்தின் வழியே குதித்துவிட வேண்டுமென்ற நினைப்பு அடிக்கடி எழுந்தது. அது பாவமென்று அஞ்சியே தம்மைத் தடுத்துக்கொண்டார். கடவுள் இரங்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார்.

இவற்றையெல்லாம் அவர் தம் ஆன்ம குருவிடம் ஒளியாமற் சொன்னதுதான் பெரிய காரியம். குரு அவரை ஏசவில்லை, விசுவாசக் குறைவென்றும் தள்ளவில்லை. உடனே சாப்பிடும்படி கட்டளையிட்டார். இரண்டு நாள் ஆறுதல் கிடைத்தது. மூன்றாம் நாள் ஐயம் திரும்பவும் வந்தது. மனநோவு இப்படித்தான், ஒரே நாளிற் போய்விடுவதில்லை. பழைய பாவங்களை இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்த பின்பே அவருக்கு விடுதலை கிடைத்தது.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. மனம் இருண்டிருக்கும் வேளையில் முன்னெடுத்த தீர்மானங்களை மாற்றலாகாது, உள்ளத்தை அலைக்கழிப்பதை மறைக்காமல் தகுந்த ஒருவரிடம் வெளிப்படுத்த வேண்டும் என்ற விதிகளை ஆன்மீகப் பயிற்சிகள் என்ற தம் நூலிற் சேர்த்தார். 1536இல், பார்சலோனாவில் மனக்கலக்கத்தால் வருந்திய தெரேசா ரெஜாடெல் என்ற கன்னியருக்குக் கடிதங்கள் எழுதித் தேற்றினார். உடலையும் பேணிக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார்.

1556 யூலை 31இல் றோமாபுரியிற் காலமானார். அதற்கு முன், 1553 முதல் 1555 வரை, தம் வாழ்க்கையைக் கொன்சால்வெஸ் த காமரா என்ற குருவிடம் சொல்லிவந்தார். சபையின் தலைவராயிருந்தும், அந்த அறையின் துவாரத்தை அவர் மறைக்கவில்லை.