வாக்கியமா, திருக்கணிதமா? பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்ட ரகுநாதாச்சாரி

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் குழப்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயிலில் ஒரு நாள் சொல்வார்கள், வீட்டு நாட்காட்டியில் வேறு நாள் இருக்கும். வாக்கியமா திருக்கணிதமான்னு பாட்டி கேட்பார்.

இந்தக் கேள்வியோடு 19-ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதிலேயே சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் சேர்ந்து, தலைமை உதவியாளராக உயர்ந்தார்.

1867-இல் தென்வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி எனும் அது, சுமார் 9 மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்குகிறது.

அவரை உறுத்தியது வேறு. பழைய சூத்திரங்கள் சொன்ன இடத்தில் கோள்கள் இல்லை. சின்னப் பிழைதான், ஆனால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்துத் திருத்திய திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். மரபுவாதிகள் எதிர்த்தார்கள். விழாவும் விரதமும் சம்பந்தப்பட்ட விஷயமாச்சே! அவர் பின்வாங்கவில்லை. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி உரையாடல் வடிவில் கையேடும் எழுதினார். 1880-இல் காலமானார்.

சரி, இதுக்கும் சிறுகோளுக்கும் என்ன சம்பந்தம்?

அவர் வேலை செய்த அதே ஆய்வகத்தில்தான் 1861-இல் நார்மன் போக்சன், 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். சிறுகோள்கள் பல, உருளைக்கிழங்கு மாதிரி கோணலானவை. சுழலும்போது ஒளி கூடிக் குறையும். அதை அளந்தால் சுழலும் நேரம் கிடைக்கும்.

வெயிலில் சூடான பாறை அந்த வெப்பத்தை வெளிவிடும்போது, அது சிறுகோளை மெல்லத் தள்ளும். 2007-இல் விஞ்ஞானிகள் இதை உறுதிப்படுத்தினார்கள். 12 நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் ஒரு குட்டிச் சிறுகோளின் சுழற்சி நேரம், ஆண்டுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு விநாடி குறைந்துகொண்டிருந்தது. ஒரே இரவில் இது தெரியாது. 4 ஆண்டுகள் பார்த்தால், கணக்கைவிடச் சுமார் அரைச் சுற்று முந்தி நிற்கும்.

ரகுநாதாச்சாரியின் பஞ்சாங்கக் கதையும் இதுதான். சின்ன வித்தியாசம் காலப்போக்கில் பெரிதாகும். கணக்கு சரியா என்று தெரிய, வானத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்த முறை பாட்டி கேட்டால், இவர் கதையைச் சொல்லுங்கள்.