ஹில்பர்ட் பெயரில் ஒரு வகுப்பு

கருத்தரங்கு அழைப்பிதழ்களில் பெயர்களை அச்சிடுவது குறித்துக் கல்லூரிகளில் எழும் சச்சரவுகளை முப்பதாண்டுக் காலம் பார்த்தவன் நான். நான் துறைத் தலைவராக இருந்தபோது, ஒரு கருத்தரங்கின் வேலை முழுவதையும் சுமந்த கௌரவ விரிவுரையாளரின் பெயர் அழைப்பிதழில் இடம்பெறவில்லை. இடம் போதவில்லை என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். உண்மையில் இடம் இருந்தது. கணிதமேதை எம்மி நோய்தரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்த அழைப்பிதழ் என் கண்முன் வந்து நிற்கிறது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1882-இல் பிறந்தவர் நோய்தர். தந்தை அங்கே கணிதப் பேராசிரியர். 1907-இல் முனைவர் பட்டம் பெற்ற மகளோ, அங்கேயே ஏறத்தாழ ஏழாண்டுகள் ஊதியமின்றிப் பணிபுரிந்தார். 1915-இல் டேவிட் ஹில்பர்ட்டும் பெலிக்ஸ் கிளைனும் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தனர். பெண்ணொருவர் விரிவுரையாளராவதை அங்கிருந்த மொழியியல், வரலாற்றுப் பேராசிரியர்கள் எதிர்த்தனர்.

ஹில்பர்ட் ஒரு வழி கண்டார். கணித இயற்பியல் கருத்தரங்கு, நோய்தரின் உதவியுடன் ஹில்பர்ட் நடத்துவது, திங்கள்கிழமை மாலை 4 முதல் 6 வரை, கட்டணம் இல்லை என்று பாட அறிவிப்பு வெளியானது. நடத்தியவர் நோய்தர். கட்டணம் இல்லை என்பதில்தான் பொருளாதார ஆசிரியனான என் கண் நிற்கிறது. நிலையான பதவியற்ற விரிவுரையாளர்கள் அக்கால ஜெர்மனியில் மாணவர் செலுத்தும் கட்டணத்தையே நம்பியிருந்தனர். அந்த வாசலும் அவருக்கு அடைபட்டிருந்தது.

இயற்கை விதிகளில் உள்ள ஒவ்வொரு தொடர் சமச்சீருக்கும் ஓர் அழிவின்மை விதி உண்டென்று 1918-இல் அவர் நிறுவினார். காலம் நகர்ந்தாலும் விதிகள் மாறுவதில்லை என்பதிலிருந்தே ஆற்றல் அழிவின்மை பிறக்கிறது. இன்றைய இயற்பியலின் தூண்களுள் ஒன்றான அந்த ஆய்வைக் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் கிளைன்தான் முன்வைத்தார். நோய்தர் அதன் உறுப்பினர் அல்லர். 1919-இல் கற்பிக்கும் உரிமை கிடைத்தது. 1922-இல் பேராசிரியர் என்ற பெயர் வந்தது, ஊதியம் வரவில்லை. அடுத்த ஆண்டுதான் இயற்கணிதம் கற்பிக்கச் சிறுதொகை ஒதுக்கினர்.

ஆயினும், அவரைச் சுற்றி ஓர் ஆய்வுக் கூட்டமே உருவானது. விடுமுறை நாளொன்றில் கட்டடம் பூட்டிக் கிடக்க, மாணவர்களைக் காட்டுவழியே அழைத்துச் சென்று காபிக்கடையில் பாடம் நடத்தினார். 1924-இல் வந்து சேர்ந்த வான் டெர் வேர்டன், பின்னர் எழுதிய நவீன இயற்கணித நூலின் முகப்பிலேயே, அது ஆர்ட்டின், நோய்தர் ஆகியோரின் விரிவுரைகளைப் பயன்படுத்தியது என்று அச்சிட்டார். அவர் இடம் போதவில்லை என்று சொல்லவில்லை.

1928-29 குளிர்காலத்தில் மாஸ்கோவில் வருகைதரு பேராசிரியராகப் பாடம் நடத்தினார். 1932-இல் சூரிச்சில் கூடிய உலகக் கணித மாநாட்டில் முழு அவை உரை நிகழ்த்திய முதல் பெண் அவரே. மறுஆண்டு, யூதர் என்பதால் நாஜி அரசு அவரைப் பணிநீக்கியது. கருத்தரங்கு அவர் வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. பழுப்புநிற நாஜிச் சீருடையுடன் ஒரு மாணவர் வந்தார். நோய்தர் அவருக்கும் பாடம் சொன்னார். இதைப் பெருந்தன்மை என்பதா, கணிதத்தைத் தவிர வேறெதையும் காணாத மனம் என்பதா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரி அவருக்கு அடைக்கலம் தந்தது. 1934 முதல் வாரந்தோறும் பிரின்ஸ்டன் சென்று உரையாற்றினார். அறுவைச் சிகிச்சைக்குப் பின், 1935 ஏப்ரல் 14 அன்று, 53 வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தி பிரின் மார் நூலகத்தின் நடைபாதையடியில் புதைக்கப்பட்டிருக்கிறது. மாணவிகள் அதன் மேல் நடந்துதான் படிக்கப் போகிறார்கள்.