ஹார்டிங்கின் வக்கீல்கள்

1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோ பாலஸ் ஹோட்டலில் அமெரிக்காவின் 29ஆவது ஜனாதிபதி வாரன் ஹார்டிங் உடம்பு முடியாமல் படுத்திருந்தார். மனைவி ஃப்ளாரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஹார்டிங் எவ்வளவு நிதானமான மனிதர் என்று பாராட்டுகிற கட்டுரை. கேட்கச் சுகமாக இருந்திருக்க வேண்டும், மேலே வாசிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் உடம்பு ஒருமுறை நடுங்கியது, உயிர் போய்விட்டது. தன்னை ஆதரித்து எழுதிய கட்டுரையைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிய அரசியல்வாதி வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க ஜனாதிபதிகளின் வாழ்க்கையை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. லிங்கனையும் ரூஸ்வெல்ட்டையும் எல்லோரும் வாசிக்கிறார்கள். என் பிரியமெல்லாம் கடைசி பெஞ்சுக்காரர்கள் மேல். 1948இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் வரலாற்று ஆசிரியர்களைக் கூப்பிட்டு ஜனாதிபதிகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். ஹார்டிங்குக்குக் கடைசி இடம். 1962இல் திரும்பவும் கேட்டார். திரும்பவும் கடைசி இடம். இப்படி ஃபெயிலான ஒருவரைக் கரையேற்ற அவருடைய கட்சிக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரு நூற்றாண்டாகப் பட்ட பாடு இருக்கிறதே, அது அவருடைய ஆட்சியைவிட சுவாரசியமானது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1865 நவம்பர் 2இல் ஒஹாயோ மாநிலத்தில் புளூமிங் க்ரோவ் என்ற கிராமத்தில் பிறந்தார். 1884இல், 19 வயது நிறைவதற்குள், இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து 300 டாலருக்கு 'மேரியன் ஸ்டார்' என்ற நொடித்துப்போன பத்திரிகையை வாங்கினார். யாரையும் நோகடிக்காமல், ஊரைத் தூக்கிப் பிடித்து எழுத வேண்டும் என்பது பத்திரிகையின் கொள்கை. பிற்பாடு அவருடைய அரசியலும் இதேதான். 1891இல் தன்னைவிட ஐந்து வயது மூத்தவரும் விவாகரத்தானவருமான ஃப்ளாரன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் ஊரிலேயே பெரிய பணக்காரர். மாப்பிள்ளை குடும்பத்தில் கறுப்பு ரத்தம் கலந்திருக்கிறது என்று அவரே பரப்பினார். ஃப்ளாரன்ஸ் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் பத்திரிகை அலுவலகத்தில் போய் உட்கார்ந்து விநியோகத்தைச் சீர்படுத்தினார். அங்கே பேப்பர் போட்ட பையன்களில் ஒருவர் நார்மன் தாமஸ். பிற்காலத்தில் சோஷலிஸ்ட் கட்சி சார்பில் ஆறு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று ஆறு முறையும் தோற்றவர்.

மாநில செனட், துணை ஆளுநர், அமெரிக்க செனட் என்று ஹார்டிங் மெதுவாக மேலே வந்தார். பார்க்க லட்சணமாக, ரோமாபுரிச் சிலை மாதிரி இருப்பார். குரலும் நன்றாக இருக்கும். அவருடைய மேடைத் தமிழை, மன்னிக்கவும், மேடை ஆங்கிலத்தை மென்கென் என்ற பத்திரிகையாளர் கிழித்த கிழி பிரசித்தம். 1920இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாட்டில் பெரிய தலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றபோது, யாருக்கும் விரோதியாக இல்லாத இவர் பத்தாவது சுற்றில் வேட்பாளரானார். ஊர் ஊராக அலையாமல் பெரும்பாலும் தன் வீட்டுத் திண்ணையிலேயே நின்று பிரச்சாரம் செய்தார். ஜனங்கள் ரயிலேறி மேரியனுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மகா யுத்தமும் விஷக் காய்ச்சலும் பார்த்துக் களைத்துப் போயிருந்த தேசத்துக்குப் பழைய சாதாரண நாட்களைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னது போதுமானதாக இருந்தது. சுமார் 60 சதவீத வாக்குகள் விழுந்தன.

வக்கீல்களின் முதல் வழக்கு இந்தத் தேர்தலிலேயே வந்துவிட்டது. மாமனாரின் பழைய புரளியைப் பேராசிரியர் ஒருவர் தூசி தட்டி எடுத்தார். கட்சிக்காரர்கள் உடனே ஹார்டிங் குடும்பத்தின் வம்சாவளிப் பட்டியலைத் தயாரித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். அத்தனையும் சுத்தமான வெள்ளை ரத்தம் என்று நிரூபிப்பதற்காக. கறுப்பு மூதாதை ஒருவர் இருந்தால்தான் என்ன என்று அந்தக் கட்சியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது லிங்கனின் கட்சி.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் பர்மிங்ஹாம் பேச்சின் கனம் புரியும். 1921 அக்டோபர் 26ஆம் தேதி அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக நிறுத்தப்பட்டிருந்த பெருங்கூட்டத்தில், கறுப்பருக்கு வாக்குரிமையும் கல்வியும் சம வாய்ப்பும் வேண்டும் என்று ஹார்டிங் பேசினார். ஒரு பக்கம் ஆரவாரம், மறு பக்கம் மௌனம். சமூக சமத்துவம் வேண்டியதில்லை என்றும் அதே மூச்சில் சொன்னார் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தெற்கத்தி மண்ணில் நின்று ஒரு ஜனாதிபதி அவ்வளவு தூரம் அதற்குமுன் பேசியதில்லை. அந்த வருஷ கிறிஸ்துமஸின்போது யூஜின் டெப்ஸை விடுதலை செய்தார். யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்து வருஷத் தண்டனை பெற்ற சோஷலிஸ்ட் தலைவர். 1920 தேர்தலில் சிறையிலிருந்தபடியே ஹார்டிங்கை எதிர்த்து நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியவர். முந்தைய ஜனாதிபதி வில்சன், நோபல் பரிசு வாங்கிய அறிஞர், அவரை விட மறுத்தார். ஹார்டிங் விட்டதோடு, வெள்ளை மாளிகைக்கு வரச் சொல்லிக் கை குலுக்கி அனுப்பினார். கடற்படைகளைக் குறைக்கும் வாஷிங்டன் மாநாடு, அரசாங்கத்துக்கு ஒழுங்கான பட்ஜெட் முறை ஆகியவையும் அவர் கணக்கில்தான் வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அது நம்மவர்களையும் தொட்டது. நாடு வாரியாகக் குடியேற்றத்துக்கு உச்சவரம்பு வைத்த 1921ஆம் வருஷச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இவர். 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பை எழுதியவர் சதர்லண்ட், தலைமை நீதிபதி டாஃப்ட். இருவருமே ஹார்டிங் நியமித்தவர்கள். அமெரிக்கத் தமிழர்கள் பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்துக்கொள்ளும்போது நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஹார்டிங்கைக் கவிழ்த்தவை இவை எதுவும் இல்லை. கூட இருந்தவர்கள்தான். உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால், கடற்படைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய் வயல்களை (வயோமிங்கில் டீபாட் டோம், கலிஃபோர்னியாவில் எல்க் ஹில்ஸ்) இரண்டு எண்ணெய் முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். அவர்களில் ஒருவரான டோஹினியிடமிருந்து ஒரு பையில் ஒரு லட்சம் டாலர் ரொக்கமாக வந்தது. அந்த லஞ்சத்தை வாங்கிய குற்றத்துக்காக 1929இல் ஃபாலுக்குத் தண்டனை. அதே லஞ்சத்தைக் கொடுத்த குற்றத்திலிருந்து டோஹினிக்கு 1930இல் விடுதலை. ஆக, கொடுக்கப்படாத பணம் வாங்கப்பட்டிருக்கிறது. போர் வீரர்கள் நலத்துறையில் ஃபோர்ப்ஸ் என்பவர் ஆஸ்பத்திரி சாமான்களை விற்றுச் சாப்பிட்டுச் சிறைக்குப் போனார். அட்டர்னி ஜெனரல் டோர்ட்டியின் உயிர் நண்பர் ஜெஸ் ஸ்மித் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார். ஹார்டிங் எதிலும் பணம் வாங்கியதாகச் சான்று இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, தெரிந்த பிறகும் கத்த முடியவில்லை.

அவர் செத்தபோது இந்த ஊழல்களில் பாதிகூட வெளியே வரவில்லை. பிணத்தைக் கொண்டுபோன ரயில் பாதை நெடுக ஜனங்கள் லட்சக்கணக்கில் நின்று அழுதார்கள். ஃப்ளாரன்ஸ் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கணவரின் காகிதங்களை நெருப்பில் போட ஆரம்பித்தார். கணவர் பெயரைக் காப்பாற்றத்தான். பலன்? பரிசோதனை நடக்காததால் 1930இல் ஒரு மோசடிப் பேர்வழி, அவரே விஷம் வைத்தார் என்று குறிப்பாக உணர்த்தி ஒரு புத்தகம் போட்டுக் காசு பார்த்தான். காகிதம் எரிந்ததால், எரிந்ததில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று ஊரே கற்பனை செய்தது. ஃப்ளாரன்ஸ் அதைப் பார்க்காமல் 1924லேயே போய்ச் சேர்ந்தார்.

டோர்ட்டியின் வக்கீல் சாமர்த்தியம் வேறு ரகம். அவர்மேல் லஞ்ச வழக்கு வந்தது. வங்கிப் பேரேட்டின் தாள்கள் எரிக்கப்பட்டிருந்தன. சாட்சிக் கூண்டில் ஏற மறுத்தவர், தான் ஹார்டிங்குக்கும் அவர் மனைவிக்கும் சட்ட ஆலோசகராக இருந்தவன், ஆகவே பேச முடியாது என்று எழுதிக் கொடுத்தார். பேசினால் செத்துப்போன ஜனாதிபதியின் மானம் போகும் போலிருக்கிறது என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜூரிகள் இரண்டு தடவையும் ஒரு முடிவுக்கு வரவில்லை, டோர்ட்டி தப்பினார். 1932இல் ஹார்டிங்கின் உண்மைக் கதை என்று ஒரு புத்தகமும் எழுதினார். கல்லறையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றவர், கல்லறைக்குப் பாதுகாவலர் என்று பெயர் வாங்கப் பார்த்தார்.

கல்லறையும் சாமானியமானது இல்லை. நினைவுச் சங்கம் ஒன்று அமைத்து, பள்ளிப் பிள்ளைகளின் சில்லறைகூட விடாமல் 9 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்து, மேரியனில் வெள்ளைச் சலவைக்கல்லால் வட்டமாகக் கிரேக்கக் கோவில் போலக் கட்டினார்கள். 1927இல் வேலை முடிந்தது. திறந்து வைக்கத்தான் ஆள் இல்லை. ஹார்டிங்கின் துணை ஜனாதிபதியாக இருந்து பதவிக்கு வந்த கூலிட்ஜுக்கு, பதவியில் இருந்தவரை நேரம் கிடைக்கவே இல்லை. கடைசியில் 1931 ஜூன் 16இல் ஹூவர் வந்தார். கூலிட்ஜும், அப்போது பதவி போயிருந்ததால், வந்தார். ஹார்டிங்கின் நண்பர்கள் அவருக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று ஹூவர் வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, டோர்ட்டி அங்கேயே உட்கார்ந்திருந்தார். (முந்தின வருஷம்தான், உள்நாட்டுப் போர் மூளும்வரை வேடிக்கை பார்த்த புக்கானனுக்கு அவருடைய தங்கை மகள் விட்டுப்போன பணத்தில் வாஷிங்டனில் வைத்த நினைவுச் சின்னத்தையும் இதே ஹூவர் ஏற்று வைத்திருந்தார். வேலையில்லாதவர்கள் தங்கள் தகரக் குடிசைகளுக்கு அவர் பெயரையே வைத்துக்கொண்டிருந்த சமயம். பாவம், கைராசி.)

சில்லறை என்றதும் இன்னொன்று. ஹார்டிங்கின் நாய் லாடி பாய்க்கு, பேப்பர் போடும் பையன்கள் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்தார்கள். சேர்ந்த 19,134 காசுகளையும் உருக்கிச் செய்த சிலை ஸ்மித்சோனியனுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தச் சிலை பற்றி எந்தக் கட்சியிலும் தகராறு கிடையாது.

1927இல்தான் பெரிய இடி. மேரியனைச் சேர்ந்த பிரிட்டன் என்ற பெண் (முதல் பெயரைத் தமிழில் எழுதினால் 'நான்' என்று படித்துக் குழம்புவீர்கள்) தன் மகள் எலிசபெத் ஆனுக்கு அப்பா ஹார்டிங்தான் என்று புத்தகம் எழுதினார். அச்சிடும்போதே ஒழுக்கக் காவலர்கள் போலீசோடு வந்து அச்சுத் தகடுகளை எடுத்துப் போனார்கள், பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. மறுப்பு நூல் ஒன்று வந்தது. அதில் அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி எழுதாதது எதுவுமில்லை. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 1931இல் டொலீடோ நீதிமன்றத்தில் தோற்றார். அதற்குப் பிறகு அவர் பெரும்பாலும் பேசவில்லை. ஹார்டிங்குக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பே இல்லை என்று ஆதரவாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

1964இல் நினைவுச் சங்கம் பூட்டி வைத்திருந்த காகிதங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. நினைத்ததைவிட நிறையவே நெருப்புக்குத் தப்பியிருந்தன. வாசித்தவர்கள், ராபர்ட் மர்ரே முதலானவர்கள், இந்த மனிதர் சொல்லப்பட்ட அளவு சோம்பேறி இல்லை, மக்கு இல்லை என்று எழுதத் தொடங்கினார்கள். நாற்பது வருஷமாக அவருக்குச் சாதகமான சாட்சியத்தைத்தான் அவருடைய ஆட்கள் பூட்டி வைத்திருந்தார்கள்! ஆனால் அதே சமயம் வேறொரு காதலி கேரி ஃபிலிப்ஸுக்கு அவர் எழுதிய கடிதங்களும் கிடைத்துவிட்டன. குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். 1968இல் ஃபிரான்சிஸ் ரஸ்ஸல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் கடித வாசகங்கள் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கோடுகளாக அச்சாயிற்று. கோடுகளை வாசகன் தன் வசதிப்படி நிரப்பிக்கொண்டான். அந்தக் கடிதங்கள் 2014 ஜூலையில்தான் திறந்தன.

ஜான் டீனைச் சொல்லாமல் விட்டால் பாவம். நிக்சனின் வெள்ளை மாளிகை வக்கீலாக இருந்து வாட்டர்கேட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், சிறு வயதில் மேரியனில் வளர்ந்தவர். 2004இல் ஹார்டிங்குக்குப் பரிந்து ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். கிண்டலாகத்தான் கையில் எடுத்தேன். கெட்டுப்போன ஆட்சி எப்படியிருக்கும் என்று உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதியதால்தானோ என்னவோ, எனக்குப் பிடித்துப்போயிற்று.

2015 ஆகஸ்டில் மரபணுச் சோதனை முடிவு வந்தது. எலிசபெத் ஆன் ஹார்டிங்கின் மகள்தான். அதே சோதனையில் ஆப்பிரிக்க மூதாதையருக்கான தடயம் எதுவும் தெரியவில்லை. 1920இல் வம்சாவளி தயாரித்தவர்கள் ஒரு வழக்கில் ஜெயித்தார்கள், ஜெயித்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத வழக்கில். 2020இல் பேரன், தாத்தாவின் கல்லறையைத் திறந்து சோதித்து சந்தேகமில்லாமல் உறுதிசெய்ய வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். ஹார்டிங் குடும்பத்தின் ஒரு பிரிவு எதிர்த்தது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2021இல் மேரியனில், பழைய திண்ணை வீட்டுக்குப் பக்கத்திலேயே புது அருங்காட்சியகம் திறந்தார்கள்.

எலிசபெத் ஆன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2005இல், தன் 86ஆவது வயதில், அவர் இறந்துபோயிருந்தார்.