பள்ளிக்கே போகாத கௌரா தேவி தலைவரானது எப்படி? ஜவ்வாது மலைக்கு அவர் கதை ஏன் முக்கியம்?

சிப்கோ போராட்டத்தைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதில் வரும் கௌரா தேவியின் கதை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும்: 1974 மார்ச் 26. ஆனால் அந்த நாளுக்கு முன்னாடி அவர் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வாழ்ந்திருந்தார். அதுக்கப்புறமும் 17 ஆண்டுகள் இருந்தார். மலைவாழ் மக்களிடமிருந்து சுற்றுச்சூழல் தலைவர்களை உருவாக்கணும், அதுக்குப் பயிற்சி கொடுக்கணும் என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த முன்கதையையும் பின்கதையையும்தான்.

யார் இந்த கௌரா தேவி?

1925-ல், இன்றைய உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தின் லாத்தா கிராமத்தில் பிறந்தவர். போட்டியா பழங்குடிச் சமூகம். ஆடு வளர்ப்பது, கம்பளி நெய்வது, மலை தாண்டி திபெத்துடன் வியாபாரம் செய்வது, இதுதான் அவர்களின் பிழைப்பு. கௌரா தேவி பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதிலேயே பக்கத்து ஊரான ரைணிக்குக் கல்யாணமாகிப் போனார். 22 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் சின்னப் பையன். வயல் வேலை, கம்பளி வியாபாரம் என்று எல்லாத்தையும் தனியாகவே இழுத்துப் பிடித்தார்.

1962-ல் நடந்த சீனப் போருக்குப் பிறகு திபெத் வியாபாரம் அடியோடு நின்றது. எல்லைக்காகப் புதுச் சாலைகள் வந்தன. அந்தச் சாலை வழியாக மர கான்ட்ராக்டர்களும் மலைக்கு வந்தார்கள்.

பயிற்சி எங்கே கிடைத்தது?

1970 ஜூலையில் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம். ஊர்கள், பாலங்கள், சாலைகள் அடித்துச் செல்லப்பட்டன. மேலே மரம் வெட்டப்படுவதற்கும் கீழே மண் சரிவதற்கும் உள்ள தொடர்பை அந்த வெள்ளம் மக்களுக்குக் கண்ணெதிரே காட்டியது.

சண்டி பிரசாத் பட் 1964-ல் தொடங்கிய தசோலி கிராம சுவராஜ்ய மண்டல் என்ற அமைப்பு, இதை ஊர் ஊராக எடுத்துச் சொன்னது. 1973-ல் ஒரு சம்பவம். ஏர்க்கருவி செய்ய உள்ளூர்க்காரர்கள் கேட்ட மரத்தைக் கொடுக்க மறுத்த வனத்துறை, விளையாட்டுப் பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு மரங்களைக் கொடுத்தது. மண்டல் என்ற கிராமத்தில் மக்கள் திரண்டு, வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிப்கோ தொடங்கியது அங்கேதான்.

அந்தக் காலகட்டத்தில் ரைணியின் மகிளா மங்கள் தள் என்ற மகளிர் மன்றத்துக்கு கௌரா தேவி தலைவி. ஊர்ச் சுத்தம், ஊர்க் காட்டைப் பார்த்துக்கொள்வது என அன்றாட வேலைகள். பெண்களைக் கூட்டுவது, பேசவைப்பது, சண்டை வந்தால் சமாதானம் செய்வது, எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவில் நிற்க வைப்பது, எல்லாம் அங்கேதான் பழகியது. சான்றிதழ் கிடையாது. ஆனால் பொறுப்பு இருந்தது, காட்டைப் பற்றிய அறிவு இருந்தது, வெளியே என்ன நடக்குதுன்னு சொல்ல ஓர் அமைப்பு இருந்தது.

அந்த நாளில் என்ன நடந்தது?

ரைணி காட்டில் சுமார் 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டிருந்தன. போருக்குப் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடு தருவதாக அழைப்பு வந்ததால், ஊர் ஆண்கள் சமோலிக்குப் போய்விட்டார்கள். சண்டி பிரசாத் பட்டும் அன்று ஊரில் இல்லை. அந்த இடைவெளியில் மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். அதைப் பார்த்த ஒரு சிறுமி கௌரா தேவியிடம் ஓடிவந்து சொன்னாள்.

யாரிடமும் கேட்க நேரமில்லை. 27 பெண்களைத் திரட்டிக்கொண்டு அவர் காட்டுக்குப் போனார். கெஞ்சிப் பார்த்தார்கள், வாதாடினார்கள். குடித்திருந்த ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார். கௌரா தேவி நகரவில்லை. பெண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். வந்தவர்கள் வெட்டாமலே திரும்பினார்கள்.

பிறகு அரசு நிபுணர் குழு அமைத்தது. அதன் பரிந்துரைப்படி, அலக்நந்தா மேல்பகுதியில் சுமார் 1,200 சதுர கி.மீ. பரப்பில் 10 ஆண்டுகளுக்கு வணிக மரவெட்டு நிறுத்தப்பட்டது. தசோலி அமைப்பு தொடர்ந்து சூழல் முகாம்களை நடத்தியது. பெண்களே நாற்று வளர்த்து நட்டார்கள். கன்றுகளில் பெரும்பகுதி பிழைத்தது.

வென்ற பிறகு என்ன ஆச்சு?

பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. 1982-ல் அந்தப் பகுதி நந்தா தேவி தேசியப் பூங்கா ஆனது. 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. காடு காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் ஆடு மேய்க்கவும், மூலிகை எடுக்கவும், மலையேறுபவர்களுக்கு வழிகாட்டிப் பிழைக்கவும் அங்கே போய்வந்த உள்ளூர் மக்களுக்குக் கதவு மூடியது. காட்டைக் காத்தவர்களுக்கு அதைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. 1991 ஜூலை 4-ல் கௌரா தேவி காலமானார். 1998-ல் அவர் பிறந்த லாத்தா கிராம மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டு மறுபடியும் போராட வேண்டிவந்தது.

2021 பிப்ரவரி 7-ல் வந்த வெள்ளம், ரைணிக்குப் பக்கத்தில் இருந்த ரிஷிகங்கா நீர்மின் திட்டத்தையே அடித்துச் சென்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அந்தத் திட்டப் பணிகளை எதிர்த்து ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே நீதிமன்றம் போயிருந்தார்கள்.

சரி, ஜவ்வாது மலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாமை விளைவிக்கிறார்கள், தேன், புளி சேகரிக்கிறார்கள். சந்தனத்துக்குப் பெயர்போன இந்த மலையில், வேலை தேடி வெளியே போவதுதான் பலருக்கும் வழி. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதிக்காரர்களும் இருந்தார்கள். சொந்தக் காட்டில் உரிமையும் வருமானமும் இல்லாதவர்கள் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உயிரைப் பணயம் வைத்தார்கள்.

கௌரா தேவிக்குக் கிடைக்காத ஒன்று இன்று இவர்களுக்கு இருக்கிறது. அது 2006 வன உரிமைச் சட்டம். காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு இந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது. கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர்; அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கணும். தனிநபர் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரணும்.

ஆனால் சட்டம் தானாக வேலை செய்யாது. ஊர் எல்லையை நடந்து பார்த்து வரைபடம் போடணும். கிராம சபைத் தீர்மானத்தைச் சரியாக எழுதணும். மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யணும். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால், அதையும் ஆதாரமாக விதிகள் ஏற்கின்றன. பலருக்கும் இது தெரியாது.

தலைமைப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். நகரத்து ஹாலில் இரண்டு நாள் உட்காரவைத்து, மரம் ஏன் முக்கியம் என்று காட்டிலேயே வாழ்பவர்களுக்கு வகுப்பெடுப்பதில் பெரிய பலன் இருக்காது. அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ரைணிப் பெண்கள் காட்டை அறிந்திருந்தார்கள், தைரியமும் இருந்தது. கிராம சபைத் தீர்மானம் என்ற ஆயுதம் மட்டும் அவர்களிடம் இல்லை. ஜவ்வாது மலையில் ஒரு பெண் வன உரிமைக் குழு உறுப்பினராகி, அந்தத் தீர்மானத்தைத் தானே வாசித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடும்போது, ரைணியில் பாதியில் நின்ற வேலை இங்கே தொடரும்.